தடியில் எத்தனை பாம்பு?

அண்ணன் மகள் எம்.பி.பி.எஸ். முடித்து, ஹவுஸ் சர்ஜனும் முடித்த கையோடு ஒரு ஸ்கூட்டர் வாங்கினாள். வண்டிக்குப் பூஜை போட்ட மறுநாளே ஸ்டிக்கர் கடைக்குப் போகவேண்டும் என்றாள். துணைக்குப் போனேன். கடைக்காரர் பிளாஸ்டிக் உறை போட்ட ஆல்பம் ஒன்றை எடுத்து நீட்டினார். வக்கீல், பிரஸ், போலீஸ், டாக்டர் என்று தொழிலுக்கு இரண்டு பக்கம். டாக்டர் பக்கத்தில் பன்னிரண்டு மாதிரிகள் இருந்தன. பதினொன்றில் ஒரு கோல், அதைச் சுற்றி எட்டு எட்டாகப் பின்னிய இரண்டு பாம்புகள், உச்சியில் விரித்த இறக்கை. மிச்சமிருந்த ஒன்றில் இறக்கை கிடையாது. மொட்டைத் தடி, அதில் ஒரே ஒரு பாம்பு.

“இது என்னண்ணா, பாதியில விட்ட மாதிரி இருக்கு?” என்றாள்.

“அது பழைய மாடல்மா. ரெண்டு பாம்பு இருந்தாத்தான் டாக்டர்.”

பழைய மாடல் என்று அவர் சொன்னதில் தப்பே இல்லை. அது இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு மேல் பழைய மாடல். “டாக்டர்” என்று சொன்னதில்தான் கோளாறு. அன்றைக்கு அந்தக் கடையில் கால் மணி நேரம் பேசினேன். பாவம், பொறுமையாகக் கேட்டார். அங்கே சொன்னதும், சொல்ல நேரமில்லாமல் விட்டதும்தான் இது.

முதலில் ஆளை அடையாளம் காட்டிவிடுகிறேன். ஒற்றைப் பாம்புத் தடி அஸ்கிளீப்பியஸ் என்ற கிரேக்க மருத்துவக் கடவுளுடையது. லத்தீனில் அவருக்கு ஈஸ்குலாப்பியஸ் என்று பெயர். இரட்டைப் பாம்புக் கோல் ஹெர்மிஸ் என்ற வேறொரு கடவுளுடையது. அந்தக் கோலைக் கடூசியஸ் என்பார்கள். ஹெர்மிஸுக்குக் கையில் இருந்த பொறுப்புகள் பல: தூது போவது, வியாபாரிகளையும் வழிப்போக்கர்களையும் காப்பது. திருடர்களுக்கும் அவர்தான் குலசாமி. இதெல்லாம் போக, செத்தவர்களின் உயிரைப் பாதாளத்துக்கு வழிகாட்டிக் கூட்டிப்போகும் வேலையும் அவருடையதே. டாக்டர் வண்டியில் ஒட்டுவதற்கு இதைவிடச் சங்கடமான சாமி கிடைப்பது கஷ்டம்.

தமிழில் இந்த வித்தியாசத்தைச் சொல்வது சுலபம். அஸ்கிளீப்பியஸ் வைத்திருப்பது தடி, ஹெர்மிஸ் வைத்திருப்பது கோல். பழைய சிலைகளைப் பார்த்தால் புரியும். அஸ்கிளீப்பியஸ் தாடி வைத்த நடுத்தர வயதுக்காரர். மேல்துணி தோளிலிருந்து சரிந்து மார்பு தெரிய நிற்கிறார். கக்கத்தில் ஒரு கரடுமுரடான மரத்தடியை முட்டுக்கொடுத்து, உடம்பின் பாரத்தை அதில் சாய்த்திருப்பார். ஊர் ஊராக நடந்துபோய் நோயாளியைப் பார்த்த வைத்தியனின் ஊன்றுகோல் அது. கணு கூடச் சீவாமல் விட்ட சிற்பங்கள் உண்டு. பாம்பு அதில் சாவகாசமாக ஏறிக்கொண்டிருக்கும். ஹெர்மிஸின் கோல் அப்படியல்ல. கையில் பிடித்து ஆட்டுகிற அளவுதான் இருக்கும். தூதன் என்பதற்கான அத்தாட்சி அது. அதைக் காட்டினால் எதிரிப்படையும் வழிவிட வேண்டும்.

சரி, அஸ்கிளீப்பியஸ் யார்? ஹோமரின் இலியட்டில் அவர் கடவுளே இல்லை. திரிக்கா என்ற ஊர்க்காரர், குறை சொல்ல முடியாத வைத்தியர், அவ்வளவுதான். அவருடைய பிள்ளைகள் மக்கயோன், பொடலீரியஸ் இருவரும் டிராய்ப் போரில் கிரேக்கப் படைக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். பின்னால் வந்த கதைகளில்தான் அவர், வைத்தியத்துக்கும் உரிய கிரேக்கக் கடவுளான அப்பல்லோவின் மகனாகிறார். (அப்பல்லோ என்றதும் நமக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வருவது ஒரு வகையில் சரிதான்.) தாய் கொரோனிஸ், வயிற்றில் பிள்ளையோடு அப்பல்லோவுக்குத் துரோகம் செய்தாள் என்று கொல்லப்படுகிறாள். எரியும் சிதையிலிருந்து பிள்ளையை மட்டும் அப்பல்லோ எடுக்கிறார். பாதி மனிதன், பாதி குதிரையான கைரோன் அவனை வளர்த்து வைத்தியம் சொல்லிக்கொடுக்கிறான். கி.மு. 5-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் பிண்டார் அந்த வைத்தியத்தின் முறைகளையும் சொல்கிறார்: மந்திரம், குடிக்கும் மருந்து, வைத்துக் கட்டும் மருந்து, கடைசியாகக் கத்தி.

அப்புறம் வருவது வில்லங்கம். செத்த ஒருவனை அஸ்கிளீப்பியஸ் உயிரோடு எழுப்பிவிட்டார். பிண்டார் சொல்கிறபடி, கையில் பளபளத்த தங்கத்தைக் கண்டு மயங்கிச் செய்த காரியம் அது. கடவுள்களுக்கெல்லாம் ராஜாவான ஸீயஸ் இடியை வீசி வைத்தியனையும் நோயாளியையும் சேர்த்தே கொன்றார். தத்துவஞானி பிளேட்டோவுக்கு இந்தக் கதை பிடிக்கவில்லை. கடவுளின் மகன் என்றால் பேராசைக்காரனாக இருந்திருக்க முடியாது, பேராசைக்காரன் என்றால் கடவுளின் மகனாக இருந்திருக்க முடியாது என்று தர்க்கம் பேசினார். ஃபீஸ் வாங்கி அடிபட்ட மருத்துவர் பற்றிய வாக்குவாதம் அவ்வளவு பழையது.

தடியில் பாம்பு எப்படி ஏறியது? ஒரே கதை இல்லை. ஹைஜினஸ் என்ற ரோமானியரின் பெயரில் கிடைக்கும் நூலில் வரும் கதை எனக்குப் பிடித்தது. செத்துப்போன கிளாக்கஸ் என்ற சிறுவனை எழுப்பச் சொல்லி அஸ்கிளீப்பியஸை ஓர் அறைக்குள் அடைத்துவிடுகிறார்கள். கையில் தடியோடு என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டு நிற்கிறார். ஒரு பாம்பு தடிமேல் ஊர்ந்து ஏறுகிறது. பதறிப்போய் அதை அடித்துக் கொன்றுவிடுகிறார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பாம்பு வாயில் ஒரு பச்சிலையோடு வந்து, செத்த பாம்பின் தலையில் வைக்கிறது. இரண்டும் ஓடிவிடுகின்றன. அதே இலையை எடுத்துச் சிறுவனுக்கு வைக்க, அவன் எழுகிறான். இந்தக் கதைப்படி வைத்தியத்தின் சூட்சுமம் பாம்புக்குத்தான் முதலில் தெரிந்திருந்தது. மனிதன் தடியோடு நின்று பார்த்துக் கற்றுக்கொண்டான்.

கதையை விடுங்கள், பாம்பு சட்டை உரிக்கிறதே, அதுதான் காரணம் என்று பழங்கால உரைகாரர்களே விளக்கம் சொன்னார்கள். பழைய தோலைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பளபளவென்று வெளியே வருவதைப் பார்த்தவர்களுக்கு, நோயாளி படுக்கையிலிருந்து எழுவது ஞாபகம் வந்ததில் ஆச்சரியமில்லை. இன்னொரு விளக்கம் விஷம். கிரேக்கத்தில் ஃபார்மகோன் என்ற ஒரே சொல் மருந்தையும் குறிக்கும், நஞ்சையும் குறிக்கும். ஃபார்மசி என்ற பெயரெல்லாம் அதிலிருந்து வந்ததுதான். இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இருமல் மருந்தும் மருந்து, எலிமருந்தும் மருந்து, பூச்சிமருந்தும் மருந்துதான் நமக்கு.

ஆனால் விஷ விளக்கத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. அஸ்கிளீப்பியஸ் கோயில்களில் உண்மையிலேயே பாம்புகள் வளர்த்தார்கள், அவை விஷமில்லாதவை.

தெற்கு கிரேக்கத்தில் எபிடாரஸ் என்ற இடம் இந்த வழிபாட்டுக்குத் தலைநகரம் மாதிரி. இன்றைக்கு அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பது, பத்தாயிரத்துக்கும் அதிகமானவர்கள் உட்காரக்கூடிய கல் அரங்கத்தை. அந்த அரங்கமே கோயிலுக்கு வந்தவர்களுக்காகக் கட்டியதுதான். 1988-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். நோயாளிகள் வந்து, குளித்து, பலி கொடுத்து, இரவில் அபடோன் என்ற மண்டபத்தில் வரிசையாகப் படுப்பார்கள். கனவில் கடவுள் வந்து குணமாக்குவார், அல்லது என்ன செய்யவேண்டும் என்று சொல்வார். குணமானவர்களின் கதைகளைக் கல்லில் வெட்டி வாசலில் நிறுத்தினார்கள். கி.மு. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டுகளிலிருந்து சுமார் எழுபது கதைகள் இன்றும் கிடைக்கின்றன.

அவற்றில் ஒன்று, கால்விரல் புண்ணோடு வந்தவனைப் பற்றியது. பணியாட்கள் அவனைத் தூக்கிவந்து வெளியே ஓர் இருக்கையில் உட்காரவைத்தார்கள். அப்படியே தூங்கிப்போனான். மண்டபத்திலிருந்து ஒரு பாம்பு வந்து, புண்ணை நாக்கால் நக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. விழித்தபோது புண் ஆறியிருந்தது. அழகான ஒரு வாலிபன் வந்து விரலில் மருந்து தடவியதாகக் கனவு கண்டேன் என்றான் அவன். வெளியே இருந்தவர்கள் பார்த்தது பாம்பை, அவன் பார்த்தது கடவுளை. பாம்பு கடவுளின் வாகனமா, கடவுளேவா என்ற கேள்விக்குக் கிரேக்கர்கள் வைத்திருந்த பதில் இந்த ஒரு கதையிலேயே இருக்கிறது.

இன்னொரு கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. யூஃபனிஸ் என்ற அவ்வூர்ப் பையனுக்குக் கல்லடைப்பு. கனவில் கடவுள் வந்து, “உன்னைக் குணமாக்கினால் எனக்கு என்ன தருவாய்?” என்கிறார். “பத்துத் தாயக்கட்டை” என்கிறான் பையன். கடவுள் சிரித்துவிட்டு, சரியாக்குகிறேன் என்கிறார். பொழுது விடிந்ததும் பையன் நலமாக வெளியே போனான் என்று முடிகிறது கல்வெட்டு. தங்கத்துக்கு மயங்கியதாகப் பிண்டார் சொன்ன அதே தெய்வம்தான்.

அந்தப் பாம்புகள் மனிதர்களிடம் சாதுவாக இருக்கும், மஞ்சள் கலந்த நிறம் என்று கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அங்கே போன பாஸேனியாஸ் என்ற கிரேக்கப் பயணி எழுதியிருக்கிறார். ஐரோப்பாவில் இன்றும் ஈஸ்குலாப்பியப் பாம்பு என்ற பெயரிலேயே ஓர் இனம் இருக்கிறது. இரண்டு மீட்டர் வரை வளரும், மரம் ஏறுவதில் கெட்டி, விஷமில்லை, எலி பிடித்துத் தின்னும். கேட்டால் நம்மூர்ச் சாரை மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். தோன்றுவது சரி. இரண்டும் ஒரே பெருங்குடும்பம், தூரத்துச் சொந்தம். ஆக, உலகச் சுகாதாரச் சின்னத்தில் சுற்றிக்கொண்டிருப்பது நல்லபாம்பு அல்ல, ஒரு வகைச் சாரை. நம்மூர் ஓவியர்கள் அதை நல்லபாம்பு மாதிரி படமெடுக்க வைத்து வரைந்துவிடுவது வேறு விஷயம்.

எபிடாரஸிலிருந்து கிளை பரப்புவதென்றால், அங்கிருந்து ஒரு பாம்பைக் கொண்டுபோவார்கள். கி.மு. 293-இல் ரோமில் கொள்ளைநோய் வந்தபோது இதுவே நடந்தது. ரோமானியர்கள் கப்பலில் தூது அனுப்பினார்கள். பாம்பு தானாகவே கப்பலேறி வந்ததாம். டைபர் ஆற்றில் வரும்போது இறங்கி நீந்தி, நடுவில் இருந்த தீவில் ஏறிக்கொண்டதாம். அந்தத் தீவில் கோயில் கட்டினார்கள். பிற்பாடு தீவின் கரையையே கப்பல் வடிவத்தில் கல் வைத்துச் செதுக்கினார்கள். அதில் ஒரு துண்டு இன்றும் இருக்கிறது. பாம்பு சுற்றிய தடி மங்கலாகத் தெரியும். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதே தீவில் ஓர் ஆஸ்பத்திரி வந்தது. இன்றுவரை நடக்கிறது.

இதற்கிடையில் ஒரு வாதத்தைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் மருத்துவம் படித்தவர்களே இதை அடிக்கடி சொல்கிறார்கள். தடியில் இருப்பது பாம்பே இல்லை, புழு என்பது அந்த வாதம். கினிப் புழு, தமிழில் நரம்புச் சிலந்தி என்று பெயர். அசுத்தமான குளத்து நீரோடு உள்ளே போய், ஒரு வருஷம் உடம்புக்குள் வளர்ந்து, இடியாப்ப நூல் கனத்தில் ஒரு மீட்டர் நீளம் வரை வந்து, கடைசியில் காலில் கொப்புளம் கட்டி வெளியே தலைகாட்டும். இழுத்தால் அறுந்துவிடும், அறுந்தால் உள்ளே சீழ் வைக்கும். அதனால் ஒரு சின்னக் குச்சியில் மாட்டி, நாளைக்குக் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றி, நாள்கணக்கில், சிலசமயம் வாரக்கணக்கில் எடுப்பார்கள். 1986-இல் உலகம் முழுக்கச் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்த நோய், 2024-இல் 15 பேருக்குத்தான் வந்தது. இந்தியாவில் கடைசி நோயாளி 1996-இல். 2000-இல் நாடு விடுபட்டதாகச் சான்று கிடைத்தது.

குச்சியில் சுற்றிய புழுவைப் படத்தில் பார்த்தால் அச்சு அசலாக அந்தச் சின்னம் போலவே இருக்கும். அதனால்தான் இந்த வாதம் இவ்வளவு கவர்ச்சியாக இருக்கிறது. நான் நம்பவில்லை. கிரேக்கர்களுக்கு இந்தப் புழுவைத் தெரியும், ஆனால் செங்கடல் பக்கத்து ஆட்களுக்கு வரும் விசித்திரமான நோயாகத்தான் தெரியும். பெர்கமம் என்ற ஊரில் பெரிய அஸ்கிளீப்பியஸ் கோயில் இருந்தது. அந்த ஊரிலேயே பிறந்து, ரோமப் பேரரசர்களுக்கு வைத்தியம் பார்த்த கேலன், அரேபியப் பக்கம் இப்படி ஒரு நோய் இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை என்று எழுதுகிறார். தங்கள் கடவுளின் தடியில் சுற்றியிருப்பது எதுவென்று அந்த ஊர் வைத்தியனுக்கே தெரியாமல் போயிருக்குமா? கோயிலில் உயிருள்ள பாம்புகள் நெளிந்துகொண்டிருக்கும்போது புழுவைத் தேடிப்போக அவசியமும் இல்லை.

பைபிள் வாசகர்களுக்கு எண்ணாகமத்தின் வெண்கலச் சர்ப்பம் நினைவுக்கு வரும். கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள் கடித்தவர்கள் பிழைக்க, மோசே கம்பத்தில் தூக்கிவைத்தது. பின்னால் ஜனங்கள் அதற்கே தூபம் காட்டத் தொடங்கியதால் எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான். பாம்பும் குணமாவதும் ஒன்றாக வருவது கிரேக்கத்துக்கு மட்டும் சொந்தமில்லை என்பதற்கு இது நல்ல சாட்சி. அதிலிருந்து அஸ்கிளீப்பியஸுக்கு நேர்க்கோடு போடத்தான் ஆதாரம் இல்லை.

இனி இரட்டைப் பாம்புக்கு வருவோம். இது இன்னும் பழைய வடிவம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மெசபடோமியாவில் லகாஷ் நகரத்தை ஆண்ட குடேயா, நிங்கிஷ்ஸிடா என்ற தெய்வத்துக்குச் செய்துவைத்த ஒரு கல் கிண்டி பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாலாயிரம் வருஷத்துக்கு மேல் பழையது. அதில் ஒரு தண்டைச் சுற்றி இரண்டு பாம்புகள் பின்னியிருக்கின்றன. இதைக் காட்டி, யோகத்தில் சொல்லும் நாடிகளான இடகலை, பிங்கலை, நடுவில் சுழுமுனை, ஆகவே இது நம் குண்டலினிதான் என்று வாட்ஸ்அப்பில் வரும் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு கோடு ஒரு தண்டைச் சுற்றினால் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். சாயல் ஒன்று, சந்ததி வேறு.

ஹெர்மிஸின் கோலுக்கு வந்த கதைகளில் எனக்கு உண்மைக்கு நெருக்கமாகப் படுவது ஒன்று. இரண்டு பாம்புகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. ஹெர்மிஸ் கோலை நடுவில் நீட்டி விலக்கிவிட்டார். அன்றிலிருந்து அது சமாதானத்தின் அடையாளம். தூதன் கையில் இருக்கவேண்டிய பொருள்தான். இதில் ஒரு சுவாரஸ்யம். வயல் வரப்பில் இரண்டு பாம்புகள் பாதி உடம்பைத் தூக்கிப் பின்னிக்கொண்டு ஆடுவதை நம் கிராமங்களில் பார்த்திருப்பார்கள். சாரையும் நாகமும் இணைகின்றன என்று சொல்லி வேட்டியைப் போட்டுவிட்டு ஒதுங்குவார்கள். உண்மையில் அவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள், மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. எதிராளியின் தலையைத் தரையில் அழுத்துபவன் ஜெயித்தான். ஐரோப்பாவின் ஈஸ்குலாப்பியப் பாம்பும் இதையே செய்யும். கிரேக்கக் கதையில் அவை சண்டை போட்டன என்று வருகிறதே, கதை கட்டியவன் நம்மைவிடக் கூர்ந்து பார்த்திருக்கிறான்.

வியாபாரக் கடவுளுடைய இந்தக் கோல் டாக்டர் வீட்டுக்கு எப்படி வந்தது? ஒரே நாளில் வரவில்லை. முதல் குற்றவாளிகள் அச்சகக்காரர்கள். சேதி கொண்டுபோகும் கடவுள் என்பதால் புத்தகம் போடுபவர்களுக்கு ஹெர்மிஸின் கோல் பொருத்தமாகப் பட்டது. எராஸ்மஸ் என்ற அறிஞரின் நூல்களை அச்சிட்ட பாசல் நகரத்து யோஹான் ஃபுரோபன், 16-ஆம் நூற்றாண்டிலேயே இரட்டைப் பாம்புக் கோலின் உச்சியில் ஒரு புறாவை உட்காரவைத்துத் தன் முத்திரையாக்கிக்கொண்டார். சர்ப்பத்தைப்போல் விவேகமாகவும் புறாவைப்போல் கபடில்லாமலும் இருக்கச் சொன்ன மத்தேயு வசனத்தை வைத்துச் செய்தது. வைத்தியத்துக்கு அதில் இடமில்லை. 19-ஆம் நூற்றாண்டில் லண்டனில் மருத்துவ நூல்களை வெளியிட்ட ஜான் சர்ச்சிலும் அதே கோலைப் போட்டார். அவருக்கு ஒரு பாம்பு மருத்துவம், மற்றது இலக்கியம். அந்தப் புத்தகங்கள் கப்பலேறி அமெரிக்கா போயின. மருத்துவப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தொடர்ந்து ஒரு படத்தைப் பார்ப்பவன், அது மருத்துவத்தின் படம் என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பான்?

ரசவாதமும் கொஞ்சம் காரணம் என்பார்கள். ஹெர்மிஸின் ரோமானியப் பெயர் மெர்குரி, அதாவது பாதரசம். ரசவாதிகளுக்கு அவர் குரு. ரசவாதிகளில் பலர் வைத்தியர்கள். இருக்கலாம். ஆனால் இந்தச் சின்னம் பரவியதற்கு அது போதாது. பரப்பியது அமெரிக்க ராணுவத்தின் சட்டைக் காலர்.

1851-இல் அந்த ராணுவத்தில் ஆஸ்பத்திரி உதவியாளர்களின் சட்டைக் கையில் இரட்டைப் பாம்புக் கோல் வந்தது. 1871-இல் அமெரிக்கக் கடல்சார் மருத்துவமனைச் சேவை, நங்கூரத்தோடு சேர்த்து அதைத் தன் முத்திரையில் வைத்தது. இதில் நியாயம் உண்டு. அந்தச் சேவை பார்த்தது வணிகக் கப்பல் மாலுமிகளை, இருந்தது நிதித்துறையின் கீழ். பிறகு 1902. ரெனால்ட்ஸ் என்ற கேப்டன், ராணுவ மருத்துவர்களின் காலரில் அதுவரை இருந்த சிலுவைச் சின்னத்தை மாற்றிக் கடூசியஸை வைக்கலாம் என்று விடாமல் எழுதினார். முதலில் இருந்த தலைமை மருத்துவ அதிகாரி மறுத்துவிட்டார். அடுத்து வந்தவர் ஒப்புக்கொண்டார். ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், அதே துறையின் பழைய இலச்சினையில் ஒற்றைப் பாம்புத் தடி சரியாகவே இருக்கிறது. காலரில் தப்பு, கேடயத்தில் சரி.

தப்பு என்று பலர் சுட்டிக்காட்டியபோது ஒரு சமாதானமும் சொன்னார்கள்: தூதனைத் தாக்கக்கூடாது, அதுபோல ராணுவ மருத்துவரையும் தாக்கக்கூடாது, எனவே நடுநிலைச் சின்னமாக இதை வைத்தோம் என்று. கெட்டிக்காரத்தனமான பதில். கேள்வி வந்த பிறகு தயாரான பதில் மாதிரி எனக்குப் படுகிறது. முதல் உலகப் போர் முடிந்து டாக்டர்கள் ஊர் திரும்பியபோது காலர் சின்னமும் கூடவே வந்தது. பார்க்கவும் அழகு, இடமும் வலமும் ஒரே மாதிரி, மேலே இறக்கை. லெட்டர்ஹெட்டின் நடுவில் வைத்தால் கச்சிதமாக உட்காரும். ஒற்றைப் பாம்பை எங்கே வைத்தாலும் ஒரு பக்கம் சாய்ந்த மாதிரிதான் இருக்கும்.

வால்டர் ஃபிரீட்லாண்டர் என்பவர் அமெரிக்காவில் 242 மருத்துவ நிறுவனங்களின் சின்னங்களை எண்ணிப்பார்த்து 1992-இல் வெளியிட்டார். மருத்துவத் தொழில்சார் சங்கங்களில் 62 சதவீதம் ஒற்றைப் பாம்பை வைத்திருந்தன. மருத்துவத்தை வணிகமாகச் செய்யும் நிறுவனங்களில் 76 சதவீதம் இரட்டைப் பாம்பு. வியாபாரக் கடவுளின் கோலை வியாபாரிகள் எடுத்துக்கொண்டார்கள். தெரிந்து செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. தெரிந்தே எடுத்துக்கொண்டவர்களும் உண்டு: சீனச் சுங்கத்துறையின் சின்னத்தில் ஒரு சாவியோடு குறுக்காக இருப்பது இதே கடூசியஸ்தான். சரக்கும் வரியும் கைமாறும் இடம், மிகச் சரி.

அமெரிக்காவுக்கு வெளியே ஒற்றைப் பாம்பே பெரும்பாலும் நிலைத்தது. உலகச் சுகாதார நிறுவனம் 1948-இல், ஐ.நா. சின்னத்தின் மேல் அஸ்கிளீப்பியஸ் தடியை நிறுத்தித் தன் அடையாளமாக்கிக்கொண்டது. இந்திய ராணுவ மருத்துவப் பிரிவின் சின்னத்திலும் ஒற்றைப் பாம்புதான். ஆம்புலன்ஸ் வண்டிகளில் ஆறு கைகளோடு நீல நட்சத்திரம் பார்த்திருப்பீர்கள். 1973-இல் அமெரிக்காவில் வரைந்தது, நடுவில் இருப்பது அஸ்கிளீப்பியஸ் தடி. கைபேசியில் டாக்டர் எமோஜி அனுப்புகிறீர்களே, அதைக் கணினி உருவாக்குவதே ஒரு மனித உருவத்தோடு இந்தத் தடிச் சின்னத்தைச் சேர்த்துத்தான். பார்மசிக்காரர்களுக்குத் தனிச் சின்னம் உண்டு: கிண்ணத்தில் குடிக்கும் பாம்பு. அந்தக் கிண்ணம் அஸ்கிளீப்பியஸின் மகள் ஹைஜியாவுடையது. ஹைஜீன் என்ற சொல்லும் அவள் கொடுத்ததுதான்.

இந்தக் குடும்பம் மொத்தமும், டாக்டர்கள் எடுக்கும் ஹிப்போகிரட்டீஸ் உறுதிமொழியில் வரிசையாக வரும். மூல வடிவம் தொடங்குவதே அப்பல்லோ, அஸ்கிளீப்பியஸ், ஹைஜியா, இன்னொரு மகள் பனசியா ஆகியோர் மீது சத்தியம் செய்துதான். 2022-இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் ஹிப்போகிரட்டீஸ் உறுதிமொழிக்குப் பதிலாக, பழைய ஆயுர்வேத வைத்தியரான சரகரின் பெயரில் உள்ள உறுதிமொழியை மாணவர்கள் ஏற்று, பெரிய சர்ச்சையானது நினைவிருக்கலாம். இப்போது கல்லூரிகளில் வாசிப்பது அந்தச் சாமிப் பெயர்களையெல்லாம் கழித்துவிட்ட நவீன வடிவம். ஆக, இன்றைக்கு ஒரு டாக்டர் அஸ்கிளீப்பியஸை நேருக்கு நேர் சந்திக்கும் இடம் அவர் வண்டிக் கண்ணாடிதான்.

கடைக்கு வருகிறேன். அந்த ஆல்பத்தில் சிவப்புச் சிலுவையும் இருந்தது. அது வேண்டவே வேண்டாம் என்று மட்டும் முதலில் சொன்னேன். 1960-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைச் சட்டப்படி, அனுமதியில்லாமல் அதைப் போடுவது குற்றம், டாக்டராகவே இருந்தாலும். கடைக்காரர் அதை நம்பவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

கதையெல்லாம் கேட்ட பிறகு அண்ணன் மகள், “சரி சித்தப்பா, ஒத்தப் பாம்பே போட்டுக்கறேன்” என்றாள். அந்த மாடல் ஸ்டாக்கில் இல்லை. “அதனால என்ன, வெட்டிக் குடுத்துடறேன்” என்று கடைக்காரர் கம்ப்யூட்டரில் இரட்டைப் பாம்பைத் திறந்து, மவுஸால் ஒரு பாம்பைத் தேர்ந்தெடுத்து அழித்தார். மற்றது தனியாக, வளைவுகளின் ஒரு பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நின்றது. கோடுகளை இழுத்து ஒருவழியாகச் சேர்த்தார். நான் உச்சியைக் காட்டினேன்.

“இறக்கை இருக்கட்டும் சார். அதுவும் இல்லன்னா ரொம்ப மொட்டையா இருக்கும்.”

கட்டிங் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. ஒரு பாம்பு, இரண்டு இறக்கை. எந்தச் சாமியுடையதும் இல்லாத அந்தத் தடியோடுதான் அவள் இப்போது டியூட்டிக்குப் போய்வருகிறாள்.